அச்சுக்கு யார் காசு கொடுப்பது?

ஒரு கான்கிரீட் வீட்டுக்கு என்ன செலவாகும் என்று கேட்டால், சிமென்ட் மூட்டை என்ன விலை, கம்பி டன் என்ன விலை, ஜல்லி லோடு என்ன விலை என்றுதான் பேச்சு ஓடும். சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கட்டையும் கணக்கின் ஓரத்தில் எங்கோ நிற்கும். வேலை முடிந்ததும் அவற்றைப் பிரித்து வண்டியில் ஏற்றிப் போய்விடுவார்கள்; கட்டிய வீட்டில் அவற்றின் சுவடுகூட மிஞ்சாது. ஆனால் மேலைநாட்டுப் பொறியியல் கையேடுகளைப் புரட்டினால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. கான்கிரீட் சட்டகத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை, மிஞ்சாமல் போகிற அந்த அச்சுக்கும் அதை அடித்துப் பிரிக்கும் கூலிக்கும்தான் போகிறது. கான்கிரீட் வீடு என்ற கனவு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஏன் தட்டுத் தடுமாறியது என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வட அமெரிக்காவில் இன்று வீட்டுச் சுவர்களைத் தெர்மோகோல் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றிக் கட்டுகிறார்கள், அச்சைக் கழற்றுவதில்லை. அதுவே வெயிலையும் குளிரையும் தடுக்கும் காப்பாகச் சுவரோடு நின்றுவிடுகிறது. இந்த முறை வேரூன்றியதற்குச் சுவரின் தரத்தைவிட முக்கியமான காரணம், அச்சுக்கான செலவை வேறொரு தலைப்பில் எழுத அது வழி கண்டுபிடித்ததுதான் என்பது என் வாதம். அந்தத் தலைப்பு செல்லுபடியாகும் இடத்தில் முறை வளர்ந்தது. செல்லாத இடத்தில் வளரவில்லை.

அச்சு ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது? ஈரக் கான்கிரீட் கிட்டத்தட்ட ஒரு திரவம். ஒரு கன மீட்டர் சுமார் 2.4 டன் எடை. ஒரு மீட்டர் உயரத்துக்கு அதை ஊற்றினால், அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பலகையையும் ஏறத்தாழ 2.4 டன் பாரம் பக்கவாட்டில் தள்ளும். மூன்று மீட்டர் சுவரை ஒரே மூச்சில் ஊற்றினால் அது மூன்று மடங்கு. செங்கல் சுவர் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு எழும்பும். கொத்தனாருக்கு மட்டக்கோலும் தூக்குக்குண்டும் நூலும் போதும். கான்கிரீட் சுவருக்கோ, இறுகும்வரை அதைப் பிடித்து வைத்திருக்க இன்னொரு சுவர் வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும். ஆக, ஒரு சுவர் கட்ட மூன்று சுவர் எழுப்பி இரண்டைப் பிரித்துப் போடுகிறோம். தளத்துக்கு இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. அதற்கு மாற்று எளிதில் இல்லை. சுவருக்குச் செங்கல் என்ற மலிவான மாற்று பக்கத்திலேயே இருக்கிறது. கான்கிரீட்டைத் தளத்துக்கும் தூணுக்கும் ஏற்றுக்கொண்ட உலகம் வீட்டுச் சுவருக்கு ஏற்கத் தயங்கியதன் காரணம் இதுவே.

கழற்றாத அச்சு என்ற எண்ணம் புதிதல்ல. ரோமானியர்கள் அதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டார்கள். உள்ளும் புறமும் செங்கல் முகப்பைச் சில வரிசைகள் கட்டி உயர்த்துவார்கள். நடுவே உள்ள இடைவெளியில் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் உடைகல்லும் சேர்ந்த கலவையை நிரப்புவார்கள். பிறகு மறுபடி முகப்பு, மறுபடி கலவை. ரோம் நகரின் பாந்தியன் கோயிலின் வட்டச் சுவரும், ஆஸ்தியா துறைமுகத்தின் குடியிருப்புகளும் இப்படி எழுந்தவை. வெளியே தெரியும் செங்கல்தான் அச்சு. அதுவே சுவரின் தோலும் ஆயிற்று. இதற்கு நேர் எதிரான வழி மண்சுவரில் இருந்தது. பிரான்சின் லியோன் வட்டாரத்தில், இரண்டு பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தி, பலகையை நகர்த்தி நகர்த்திச் சுவர் எழுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்த ஊரில் பிறந்த பிரான்சுவா குவாந்தரோ 1790-களில் அதை விளக்கி நூல்கள் எழுதி ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். பின்னால் வந்த கான்கிரீட் வீடுகள் அனைத்தும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தன. ஒன்று, அச்சைக் கழற்றி எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. மற்றொன்று, கழற்றாமல் சுவரிலேயே விட்டுவிடுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழியைப் பிடித்துக்கொண்டது. லியோன் மண்சுவர் மரபை அறிந்த தொழிலதிபர் பிரான்சுவா குவாஞே, அதே பலகைகளுக்கு நடுவே மண்ணுக்குப் பதிலாகக் கான்கிரீட்டை இடித்து நிரப்பி 1853-ல் பாரிஸை ஒட்டிய சாந்தெனியில் ஒரு வீடு கட்டினார். அது இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் டால் 1860-களின் நடுவில், ஒரே அளவில் செய்த பலகைகளைக் கழற்றி மேலே ஏற்றி மீண்டும் பூட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்ட இதைக் கையாண்டார். அமெரிக்காவில் வில்லியம் வார்டு 1870-களில் நியூயார்க் மாநிலத்தில் கம்பி வைத்த கான்கிரீட்டில் பெரிய மாளிகையே எழுப்பினார். இவை எல்லாம் சுவர் நிற்கும் என்பதை நிரூபித்தன. மலிவாக நிற்கும் என்பதை எதுவும் நிரூபிக்கவில்லை. வார்டு பணக்காரர், குவாஞே சிமென்ட்டை விளம்பரப்படுத்த விரும்பியவர், நெப்போலியன் பேரரசர். சம்பளம் வாங்குகிற குடும்பஸ்தன் ஒருவன் தன் கணக்கில் கான்கிரீட் வீடு கட்ட இந்த உதாரணங்கள் போதவில்லை.

அந்தக் குடும்பஸ்தனுக்காகக் கட்டுகிறேன் என்று வெளிப்படையாக இறங்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன். இரும்புத் தாது அரைக்கும் தொழிலில் பெருநட்டம் கண்ட அவர், அந்த இயந்திர அறிவைக் கொண்டு 1899-ல் சிமென்ட் நிறுவனம் தொடங்கினார். சிமென்ட்டுக்குச் சந்தை தேடியபோது பிறந்தது அவருடைய வார்ப்பு வீட்டுத் திட்டம். 1908-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1917-ல்தான் கிடைத்தது. வார்ப்பிரும்பு அச்சுகளை முழு வீட்டின் உருவில் பூட்டி நிறுத்துவது, கூரையின் உச்சியில் உள்ள வாய் வழியே குழைவான கான்கிரீட்டை ஊற்றுவது, அது கீழே இறங்கிச் சுவர், தளம், படிக்கட்டு, குளியல் தொட்டி என எல்லா மூலைக்கும் பாய்ந்து நிரம்புவது. சில மணி நேரத்தில் ஊற்றி முடித்து, சில நாளில் அச்சைக் கழற்றிவிடலாம். வீடு 1,200 டாலர் என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் ஒரு வீட்டின் அச்சுத் தொகுதியில் 2,300-க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. முதல் வீட்டை ஊற்றுவதற்கு முன்பே ஒப்பந்தக்காரர் குறைந்தது 1,75,000 டாலருக்கு உபகரணம் வாங்கியாக வேண்டும். கடிகாரத் தயாரிப்பாளர் சார்லஸ் இங்கர்சால் 1917-ல் நியூஜெர்சியின் யூனியன் என்ற ஊரில் 11 வீடுகளை வார்த்தார். அதன் பின் திட்டம் மெல்ல ஓய்ந்தது.

எடிசன் தோற்றதற்கு மக்களின் ரசனையைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஒரே மாதிரி சாம்பல் நிறப் பெட்டிகளில் யார் குடியிருக்க விரும்புவார்கள் என்பது அவர்கள் கேள்வி. இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரே மாதிரி வீடுகளை அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று வாங்கினார்கள்; அவை மரச் சட்டக வீடுகள். ஒரே மாதிரி என்பதே குற்றமாக இருந்திருந்தால் அவையும் விலைபோயிருக்கக் கூடாது. உண்மையான தடை அச்சுதான். 1,75,000 டாலரை 11 வீடுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வீட்டின் தலையில் சுமார் 16,000 டாலர் விழும். அறிவித்த விலையோ 1,200. அந்தக் கணக்கு நேராக வேண்டுமானால் அதே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகளை, இடைவெளியில்லாமல், ஒரே வட்டாரத்தில் வார்க்க வேண்டும். 1940-களில் டெக்சாஸைத் தளமாகக் கொண்ட இயந்திரத் தயாரிப்பாளர் லெட்டூர்னோ, முழு வீட்டின் அச்சையே சக்கரத்தில் தூக்கிச் சென்று இறக்கும் ராட்சத இயந்திரத்தைச் செய்தபோதும் இதே சுவரில்தான் முட்டினார். எடிசனின் வழி தவறானது என்று இதற்குப் பொருளல்ல. மலேசியா வழியாக ஆசியா முழுக்கப் பரவிய மிவான் அலுமினிய அச்சுமுறை, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றுகிறது. இருபது மாடி, மாடிக்கு மாடி ஒரே வரைபடம் என்னும்போது ஒரே அச்சு நூறு, இருநூறு தடவை உழைக்கிறது. விலை பங்கிட்டுத் தேய்ந்துவிடுகிறது. எடிசன் நினைத்தது அடுக்குமாடியில் பலித்தது, தனிவீட்டில் பலிக்கவில்லை. தனிவீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் மனையின் அளவுக்கும் தன் வசதிக்கும் ஏற்ற வரைபடம் கேட்பவர். அவருக்கு அச்சின் விலையைப் பங்குபோடக் கூட்டாளி கிடையாது.

அச்சுப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, குளிர்நாடுகளில் கான்கிரீட் சுவருக்கு இன்னொரு குற்றப்பத்திரிகையும் சேர்ந்தது. கான்கிரீட் வெப்பத்தை எளிதில் கடத்தும். உள்ளே அடுப்பு எரிந்தாலும் சுவரின் உள்முகம் சில்லென்று இருக்கும், அறைக்காற்றின் ஈரம் அங்கே வியர்த்து வழியும், பூஞ்சை படரும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் விம்பி நிறுவனம் மணல் சேர்க்காமல் ஜல்லியும் சிமென்ட்டும் மட்டும் கொண்ட கான்கிரீட்டில் சுமார் 3 லட்சம் வீடுகள் கட்டியது. மணல் இல்லாத கலவை பலகையை அவ்வளவாகத் தள்ளாது. ஆகவே ஒரு மாடி உயரத்துக்கு இலேசான பெரிய அச்சுகளை நிறுத்தி, மடமடவென்று ஊற்றிவிட்டுக் கழற்றினார்கள். அச்சுச் செலவை அடக்கிய வகையில் அது பெரிய வெற்றி. குடிபுகுந்தவர்களோ குளிரையும் ஈரக்கசிவையும் சூடேற்றும் செலவையும் அனுபவித்தார்கள். பின்னாளில் அத்தகைய பல குடியிருப்புகளுக்கு வெளிப்புறமாகக் காப்புப் பலகை ஒட்டிச் சரிசெய்ய நேர்ந்தது. கழற்றிய அச்சின் இடத்தில் பல பத்தாண்டுகள் கழித்து இன்னொரு உறையை விலைகொடுத்துப் போர்த்தினார்கள். முதலிலேயே கழற்றாமல் விட்டிருந்தால் என்ன என்ற கேள்வியை இந்த அனுபவமே எழுப்புகிறது.

அந்தக் கேள்விக்கு விடைகள் அதற்கு முன்பே அங்கங்கே முளைத்திருந்தன. நடுவில் துளையிட்ட கட்டைகளை அடுக்கி அந்தத் துளைவழியே கலவை ஊற்றும் யோசனைக்கு 1907-லேயே அமெரிக்கக் காப்புரிமை ஒன்று உண்டு. அதைவிட முக்கியமானது 1930-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் தோன்றிய டூரிசால். மரச்சீவலைத் தாதுப்பொருளில் ஊறவைத்து சிமென்ட்டோடு சேர்த்து அழுத்திய உள்ளீடற்ற கட்டைகள் அவை. சாந்து வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே கம்பி நட்டு, கான்கிரீட் ஊற்றுவார்கள். மரச்சீவல் வெப்பத்தைத் தடுக்கும். சிமென்ட் பூச்சு அதைத் தீயிலிருந்தும் அழுகலிலிருந்தும் காக்கும். போரில் அழிந்த நகரங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஐரோப்பாவில் இது இடம்பிடித்தது. அச்சு, காப்பு என்ற இரண்டு வேலையையும் ஒரே பொருள் செய்யலாம் என்பதை முதலில் தொழில் அளவில் காட்டியது இதுதான். தெர்மோகோல் பின்னால் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது, அவ்வளவே.

தெர்மோகோல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில், பி.ஏ.எஸ்.எஃப். ஆய்வகத்தில் 1949-50 வாக்கில் பிறந்தது. ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்ற வேதியியலாளர் பாலிஸ்டைரீன் மணிகளுக்குள் ஆவியாகும் திரவத்தை அடைத்துச் சூடாக்கினார். மணிகள் பொரிபோல் பொங்கிப் பல மடங்கு பெருத்தன. கொள்ளளவில் 98 சதவிகிதம் காற்றுதான். ஆவியில் வேகவைத்தால் எந்த வடிவ அச்சிலும் ஒட்டிக்கொண்டு அந்த வடிவத்தையே எடுக்கும். கனடாவைச் சேர்ந்த கட்டட ஒப்பந்தக்காரர் வெர்னர் கிரிகோரி இதைச் சுவருக்குக் கொண்டுவந்தார். 1966-ல் அவர் காப்புரிமை கேட்ட கட்டை 48 அங்குல நீளம், 16 அங்குல உயரம். மேல்விளிம்பின் மேடு அடுத்த கட்டையின் பள்ளத்தில் பொருந்தும். இரண்டு முகங்களையும் உலோகப் பட்டைகள் இழுத்துப் பிடிக்கும். இன்றைய கட்டைகளும் பெரும்பாலும் இதே அளவில்தான் வருகின்றன. உலோகப் பட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை என்பதே பெரிய மாறுதல்.

இப்படி ஒரு சுவர் எழும்புவதை வேலைத்தளத்தில் பார்த்தால் அச்சின் கணக்கு எப்படி மாறுகிறது என்று புரியும். அடித்தளத்திலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் மேல் முதல் வரிசைக் கட்டைகளை இறக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டரை அங்குலத் தெர்மோகோல் பலகை இரு பக்கமும், நடுவில் ஆறு அங்குல இடைவெளி. பிளாஸ்டிக் பட்டைகளில் உள்ள கொக்கிகளில் கிடைக்கம்பியை வைத்து அழுத்தினால் போதும். கம்பி கட்டும் வேலை குறைகிறது. ஜன்னல் வரும் இடத்தை ரம்பத்தால் அறுத்துச் சட்டம் வைக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வு முட்டுக் கொடுத்துச் சுவரைத் தூக்குக்குண்டுக்கு நிறுத்துகிறார்கள். பிறகு பம்பு வண்டி வருகிறது. இங்கேதான் ஈரக் கான்கிரீட்டின் பாரம் கணக்குக் கேட்கும். ஒரே இடத்தில் நின்று மேலே வரை நிரப்பினால் தெர்மோகோல் பிளந்து கலவை வெளியே கொட்டிவிடும். அதனால் மூன்று, நான்கு அடி நிரப்பி, வீட்டைச் சுற்றி வந்து, முதலில் ஊற்றியது சற்று இறுகத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை ஊற்றுகிறார்கள். வைப்ரேட்டரையும் அளவோடு விட வேண்டும்; விடாவிட்டால் சுவருக்குள் தேன்கூடு விழும், அதுவும் தெர்மோகோலுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல். சாய்வு முட்டுகளைத் தவிர, பிரிக்க எதுவும் இல்லை. பலகையை இழுத்துப்போட ஆள் வேண்டாம், அடுத்த தளத்துக்கு எடுத்துப்போக வண்டி வேண்டாம்.

இவ்வளவு வசதியான முறை 1966-லேயே கையில் இருந்தும் ஏன் கால் நூற்றாண்டு ஒதுங்கிக் கிடந்தது? என் வாதத்துக்கு இதுவே பலமான சான்று. எண்ணெய் மலிவாக இருந்தவரை, சுவரில் நிற்கும் தெர்மோகோல் வெறும் வீண்செலவு. கழற்றி எடுக்கும் பலகைதான் சிக்கனம். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கணக்கு திரும்பியது. மேற்கு ஜெர்மனி 1977-ல் வெப்பக்காப்பைச் சட்டமாக்கியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. எப்படியும் சுவருக்குக் காப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றான பிறகு, அந்தக் காப்பையே அச்சாக்கிக்கொண்டால் அச்சு இலவசம் என்ற கணக்கு பிறந்தது. அமெரிக்காவில் இன்னும் இரண்டு தள்ளுதல்கள் தேவைப்பட்டன. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவின் வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அடுத்த ஆண்டில் மரவிலை தாறுமாறாக ஏறியது. 1998-ல் அமெரிக்க வீட்டுவசதித் துறை, பொறியாளரைத் தனியாக அமர்த்தாமலே சாதாரணக் கட்டுநர் பின்பற்றக்கூடிய கம்பி அட்டவணைகளோடு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2000-ம் ஆண்டின் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில் இந்தச் சுவருக்குத் தனிப் பிரிவே வந்தது. கண்டுபிடிப்பு பழையதுதான், அதைச் சுற்றியிருந்த விலைகளும் விதிகளும் மாறியதும் அதற்கு உயிர் வந்தது.

முதல் மறுப்பு இங்கே எழும். அச்சு இலவசம் என்றால் இந்த வீடு மலிவாக இருக்க வேண்டுமே. மரச் சட்டக வீட்டைவிட இதற்குச் செலவு கூடுதல் என்றுதானே கட்டுபவர்கள் சொல்கிறார்கள்? உண்மைதான். மொத்த வீட்டு விலையில் சில சதவிகிதம் கூடுகிறது. ஆனால் ஒப்பீடு எதனோடு என்று பார்க்க வேண்டும். மரத்தோடு ஒப்பிட்டால் கூடுதல்; பலகை அடித்து ஊற்றி, பின் உள்ளும் புறமும் காப்பு ஒட்டிய கான்கிரீட் சுவரோடு ஒப்பிட்டால் குறைவு. கான்கிரீட் சுவர் மரத்தை நெருங்கிப் போட்டியிடும் நிலைக்கு முதன்முறையாக வந்தது இந்த அச்சால்தான். மின்சாரச் சேமிப்பைப் பற்றியும் விற்பவர்கள் அளக்கிற அளவுக்கு நம்ப வேண்டாம். மேரிலாந்தின் செஸ்டர்டவுனில் ஒரே வரைபடத்தில் மூன்று வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஓராண்டு அளந்து பார்த்தார்கள். இரண்டு தெர்மோகோல் அச்சு வீடுகள், ஒன்று மரச் சட்டக வீடு. அச்சு வீடுகள் சுமார் 20 சதவிகிதம் சிக்கனமாக இருந்தன. கனத்த கான்கிரீட் வெப்பத்தைத் தேக்கி வைத்துக் காக்கிறது என்று பெரிதாகச் சொல்லப்பட்ட காரணம் அந்த அளவீட்டில் குறிப்பிடத்தக்கதாகத் தெரியவில்லை. இடைவெளியில்லாமல் ஓடிய தெர்மோகோல்தான் வேலை செய்தது. அச்சே காப்பு என்ற வாதத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

புயலைத் தாங்கும் வலிமைதான் இந்த முறையை வாழவைத்தது என்பது இரண்டாவது மறுப்பு. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 15 பவுண்டு மரக்கட்டையை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவர்கள்மீது எய்து பார்த்தார்கள். மரச் சட்டகச் சுவரைத் துளைத்துப் போன கட்டை கான்கிரீட் சுவரில் சிதறியது. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையின் புகலிட அறை வரைபடங்களிலும் இந்த முறை இடம்பெற்றது. இதெல்லாம் சரி. ஆனால் கட்டையை நிறுத்தியது தெர்மோகோல் அல்ல, உள்ளிருக்கும் கம்பி வைத்த கான்கிரீட். சாதாரணப் பலகை அடித்து ஊற்றிய சுவரும் அதைச் செய்திருக்கும். வலிமை கான்கிரீட்டின் சொத்து; அந்த வலிமையைத் தனிவீட்டுக்காரரின் கைக்கெட்டும் விலைக்கு இறக்கியது அச்சு.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. அதை ஒதுக்கிவிட முடியாது. தெர்மோகோல் எரியும். உட்புறத்தில் அரை அங்குல ஜிப்சம் பலகையாவது மூடியாக வேண்டும் என்று விதிகள் கட்டாயப்படுத்துவது அதனால்தான். தீப்பிடிக்காமலிருக்கப் பல ஆண்டுகள் அதில் சேர்த்து வந்த எச்.பி.சி.டி. என்ற வேதிப்பொருளை, 2013-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் நீங்கா நச்சுகளின் பட்டியலில் சேர்த்தது. கறையான் தெர்மோகோலைத் தின்பதில்லை. ஆனால் கண்ணில் படாமல் அதைக் குடைந்து மேலே ஏறும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறையான் மிகுந்த வட்டாரங்களில் மண்ணுக்குள் தெர்மோகோல் வைக்க விதிகள் தடைபோட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவிகிதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. மரத்துக்குப் பதில் கான்கிரீட் என்று மாறும் ஒவ்வொரு சுவரும் அந்தக் கணக்கில் ஏறும். கழற்றாத அச்சுக்குக் கொடுக்கும் விலை இது: அச்சின் நன்மைகளைப்போல அதன் குறைகளும் வீட்டின் ஆயுள் முழுக்கச் சுவருக்குள்ளேயே இருக்கும். பலகை அடித்த சுவரில் பலகையின் குறை பலகையோடு போய்விடும்.

இந்தியாவிலும் கழற்றாத அச்சு வேறு உருவங்களில் வந்துவிட்டது. உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தைக் கண்ணாடி இழையோடு வார்த்த உள்ளீடற்ற பலகைகளைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நம் நாட்டுக்கு ஏற்றபடி மேம்படுத்தினார்கள். பலகையின் அறைகளில் கான்கிரீட் ஊற்றினால் பலகையே சுவர். 2013-ல் அந்த வளாகத்தில் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் சுமார் ஒரு மாதத்தில் எழுந்தது. மத்திய அரசின் மாதிரி வீட்டுத் திட்டங்களில் லக்னோவின் 1,040 வீடுகளுக்கு, கழற்றாத பி.வி.சி. அச்சுமுறையைத் தேர்ந்தார்கள். அதே திட்டத்தில் சென்னை பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகளுக்கு, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் முறையைத் தேர்ந்தார்கள். இவை எல்லாம் வேகத்துக்காகவும் எண்ணிக்கைக்காகவும் எடுத்த முடிவுகள். வட அமெரிக்காவில் அச்சின் செலவைக் காப்பின் தலைப்பில் எழுதினார்கள். இங்கே நேரத்தின் தலைப்பிலும் கழிவை அகற்றும் தலைப்பிலும் எழுதுகிறோம்.

அப்படியானால் மதுரையிலோ திருச்சியிலோ தனிவீடு கட்டுகிறவர் தெர்மோகோல் அச்சை நாடலாமா? நம் ஊரில் வெயில் உச்சியில் நின்று அடிப்பது. ஒற்றை மாடி வீட்டுக்குள் வெப்பம் இறங்குவதில் பெரும்பங்கு மொட்டைமாடி வழியே. சுவருக்கு ஐந்து அங்குலத் தெர்மோகோல் வாங்கும் பணத்தை மொட்டைமாடிக் காப்புக்கும் மேற்குச் சுவரின் நிழலுக்கும் போட்டால் பலன் கூடுதல். செங்கல்லும் கொத்தனாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை சுவருக்கு அச்சே தேவையில்லை. இந்த நிலை மாறாது என்று சொல்லமாட்டேன். 2018-ல் வெளியான ஈகோ-நிவாஸ் விதித்தொகுப்பு, கூரை நீங்கலாக வீட்டின் வெளிச்சுவரும் ஜன்னலும் வழியாக நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்திருக்கிறது. எல்லா அறையிலும் ஏ.சி. ஓடும் வீடுகள் பெருகி, அந்த வரம்பும் கறாராக அமலாகும் நாளில் சுவருக்குக் காப்பு தவிர்க்க முடியாத செலவாகிவிடும். அன்றைக்கு இந்த அச்சின் கணக்கு இங்கேயும் நேராகும். அதுவரை, புது முறை என்று யார் வந்து எதை விற்றாலும் சிமென்ட்டின் பெருமையையும் சுவரின் பலத்தையும் கேட்டு மயங்க வேண்டாம். இந்த அச்சுக்கு யார் காசு கொடுப்பது, அது வேலை முடிந்தபின் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.